வள்ளித்தாய் உச்சுக் கொட்டினாள்

தோற்றவனுக்கும் பாதி கொடுக்கிற சீட்டாட்டம் ஒன்று இருக்கிறது என்று சின்ன முதலாளி தருண்குமார் சொன்னபோது, கட்டிங் மிஷின் இருளாண்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பதினைந்து வருஷமாக ரம்மி ஆடிப் பெயரெடுத்த ஆள் அவன். தாயில்பட்டி வரைக்கும் அவனோடு ஒரே விரிப்பில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள்.

“தோத்தவனுக்கும் பாதின்னா, அப்புறம் எதுக்குத் தம்பி மெனக்கெட்டு ஜெயிக்கணும்?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். தருண்குமார் பதில் தேடிப் புரட்டக் கையில் ஒரு சின்னப் புத்தகம்தான் இருந்தது.

அது 2007, ஆவணி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஜெயச்சந்திரன் முதலாளியின் ஆப்செட் பிரஸ்ஸில் வெடி லேபிள் ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வெளியூரில் படித்து முடித்து வந்த மகன் புதிதாக ஒரு ஏற்றுமதி ஆர்டர் பிடித்திருந்தான். ஆஸ்திரேலியாக் கம்பெனி ஒன்றுக்கு இருபதாயிரம் சீட்டுக்கட்டு. கட்டுக்குள் ஆட்ட விதிகள் அச்சிட்ட புத்தகம் ஒன்றும் போக வேண்டும். அந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டே இராத நாலு பேரைப் பத்து நாள் ஆடவிட்டு, எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒரு பாரத்தில் நிரப்பி அனுப்பினால்தான் புத்தகத்தை அச்சடிக்கச் சொல்வோம் என்று அந்தக் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். கேள்விப்பட்டே இராத ஆட்களுக்குச் சிவகாசியில் என்ன பஞ்சம்?

இருளாண்டி, மிஷின்மேன் தங்கச்சாமி, பேக்கிங் குருவம்மாள், பழுதான தாளைப் பொறுக்கி ஒதுக்கும் வள்ளித்தாய் என்று நாலு பேரைத் தருண்குமார் எடுத்தான். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம், கம்பெனி நேரத்திலேயே ஆட்டம். சம்பளத்தோடு சீட்டாடச் சொன்ன முதல் முதலாளி இவன்தான் என்று தங்கச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வள்ளித்தாய்க்கு மட்டும் இதில் மனசு ஒட்டவில்லை. அன்று காலையில்தான் பெரிய முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் மாரிசெல்விக்கு ஒன்பதாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வளைகாப்பு. மறுநாளே கூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது, நாள் சரியில்லை, திங்கள் காலையில்தான் பிள்ளையை வாசல் தாண்ட விடுவோம் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் பெற்றவள் கூடவே இருந்து கூட்டிப் போக வேண்டுமாம். ஆள் அனுப்பினால் விடமாட்டார்களாம். பிரசவம் அங்கேயே ஆகட்டும் என்பதுதான் சம்பந்தியம்மாளின் உள் ஆசை. வள்ளித்தாயின் புருஷனோ தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார். சீசனில் ஞாயிறும் முறை வைத்து டூட்டி உண்டு, அந்த ஞாயிறு அவள் முறை. ஆக வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாலு நாள் வேண்டும். ரெண்டு நாள் கிடைத்தால் விருந்தாளி மாதிரிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், பிள்ளை வராது.

“சீசன்ல நாலு நாளா? நாலு மணி நேரம் கேட்டா யோசிக்கலாம்” என்று ஜெயச்சந்திரன் சொல்லிவிட்டார். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறவேண்டிய மகளை அடுத்தவள் வீட்டில் விட்டுவிட்டு வர நேரும் என்கிற நினைப்போடுதான் வள்ளித்தாய் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பமானது. சீட்டுகளுக்குக் குறைச்சலில்லை, மிஷின் செட் பண்ணும்போது விழுந்த வேஸ்ட் தாள்களையே வெட்டி ஒரு கட்டு ஆக்கியிருந்தார்கள். காசுக்குப் பதில், பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் வாங்கிவந்த மருந்து முக்காத வெள்ளைக் குச்சிகள். தருண்குமார் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னான். ஆளுக்கு அஞ்சு சீட்டு. பிடிக்காததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் சேருகிற குச்சியில் பாதி, பெரிய கைக்கு. அதாவது ஜோடி, மூணு ஒரே மாதிரி என்று சேர்த்து வைத்திருப்பவருக்கு. மிச்சப் பாதி, சின்னக் கைக்கு. ஜோடியே சேராமல் குட்டி குட்டி எண்களாக வைத்திருப்பவருக்கு. ஏஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. நடுவில் ஒருத்தர் குச்சியைக் கூட்டி வைத்தால் மற்றவர்களும் அதே அளவு வைத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும்.

இதுவரை இருளாண்டிக்குக்கூடப் புரிந்துவிட்டது. அடுத்ததுதான் ஆட்டத்தின் குசும்பு. சீட்டைக் காட்டுவதற்கு முன்னால் எல்லோரும் மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோய், குச்சியை மறைத்து மூடி, ஒரே நேரத்தில் மேலே நீட்ட வேண்டும். வெறுங்கை என்றால் சின்னக் கைக்குப் போட்டி. ஒரு குச்சி என்றால் பெரிய கைக்கு. ரெண்டு குச்சி என்றால் ரெண்டுக்கும். ரெண்டுக்கும் என்று நீட்டிவிட்டு ஒன்றில் தோற்றாலும் எல்லாம் போச்சு.

தங்கச்சாமி முதல் மூன்று நாளும் ரெண்டு குச்சியைத்தான் நீட்டினார். ஒரு தடவைகூட ஒன்றும் கிடைக்கவில்லை.

“கல்யாண வீட்டுல ரெண்டு பந்தியிலயும் உக்காருற ஆளு, இங்க மட்டும் மாறிருவாகளா?” என்றாள் குருவம்மாள்.

இருளாண்டியின் கை, ரம்மிக்குப் பழகின கை. வரிசை சேர்ப்பதிலேயே குறியாக இருந்து, சேர்ந்ததும் “டிக்” என்று சீட்டை மேசையில் அடிப்பான். இந்த ஆட்டத்தில் டிக் கிடையாது என்று தருண்குமார் பாரத்தில் எழுதிக்கொள்வான். புத்தகத்தில் இன்னொரு ஆட்டமும் இருந்தது. கையில் நாலு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு. கையிலிருந்து சரியாக ரெண்டே ரெண்டுதான் எடுக்க வேண்டும். “என் கையில இருக்கிற மூணாவத நான் எடுக்கக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?” என்று இருளாண்டி ஆஸ்திரேலியாக்காரனோடு அரை மணி நேரம் சண்டை போட்டான். அந்த ஆட்டத்தை அத்தோடு கட்டி வைத்தார்கள்.

நாலாம் நாள், யாரும் மனசு வைத்து ஆடவில்லை என்பது தருண்குமாருக்கே தெரிந்துவிட்டது. குச்சி போனால் யாருக்கு என்ன? அப்பாவிடம் போய் மல்லுக்கட்டி ஒரு பரிசு வாங்கி வந்தான். கடைசி நாளில், அதாவது அடுத்த புதன்கிழமை, ஒரே ஒரு ஆட்டம். நடுவில் வைக்கப்போவது நாலு நாள் லீவு, சம்பளத்தோடு. பெரிய கைக்கு ரெண்டு நாள், சின்னக் கைக்கு ரெண்டு நாள். அன்றைக்கு ஒரு குச்சி என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டி. தோற்றவர், தான் வைத்த ஒவ்வொரு குச்சிக்கும் ஜெயித்தவரின் ஒரு ஞாயிறு டூட்டியைத் தன் தலையில் சுமக்க வேண்டும்.

வள்ளித்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாகத் தாள் பொறுக்குகிறவள். மிஷினில் இருந்து வருகிற தாளை விசிறி மாதிரி விரித்து ஓட்டுவாள். கலர் அரை நூல் நகர்ந்திருந்தாலும், ஒரு தூசிப் புள்ளி விழுந்திருந்தாலும் நாக்கு தானாக ‘உச்’ என்று கொட்டும், கை தானாக அந்தத் தாளை உருவும். பிரஸ்ஸில் அந்தச் சத்தத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அவள் ரெண்டு தடவை தொடர்ந்து உச்சுக் கொட்டினால் தங்கச்சாமி கேட்காமலே மிஷினை நிறுத்துவார்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு முன்னால் வேஸ்ட் தாளில் வெட்டிய சீட்டுக்கட்டை வைத்தால் என்ன ஆகும்? முதுகுப் பக்கத்துப் பூ டிசைன் ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு மாதிரி நகர்ந்திருந்தது. ஸ்பேடு ஏஸின் முதுகில் இடப்பக்க ஓரம் ஒல்லி. ஆட்டின் என்கிற சிவப்பு இதயச் சீட்டு ராஜாவின் முதுகில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. ரெண்டாம் நாளே பாதிக் கட்டு அவளுக்கு மனப்பாடம். வேண்டுமென்று செய்யவில்லை, பார்க்காமல் இருக்கத்தான் அவளுக்குத் தெரியாது. லீவு என்ற பேச்சு வந்த பிறகு வேண்டுமென்றே மீதிப் பாதியையும் படித்துவிட்டாள், அதை மறைப்பானேன்.

ஆனால் அவள் ஒருத்தி மட்டும் யோக்கியமில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. இருளாண்டி வெட்டிய சீட்டுகள் அவை. பிளேடு மழுங்கிய இடத்தில் பிசிறு தட்டுவதை வைத்து, கலைக்கும்போதே அவன் கட்டைவிரல் பாதிச் சீட்டைக் கண்டுபிடித்துவிடும். தங்கச்சாமி ஓட்டிய மை, எந்தச் சீட்டு வெளுத்தது எது கறுத்தது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நாலாம் நாளிலிருந்து அவர் ரெண்டு குச்சி நீட்டுவதை நிறுத்தியிருந்தார். குருவம்மாளுக்குச் சீட்டு தெரியாது. சீட்டு தெரிந்தவர்களின் முகம் தெரியும், அது அவளுக்குப் போதும். நாலு பேருக்கும் மற்ற மூணு பேரின் வித்தை தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

தருண்குமார் மட்டும் அசந்துபோனான். “எம்புட்டுச் சீக்கிரம் எதிராளி கையைக் கணிக்கிறீக” என்று சொல்லிச் சொல்லிப் பாரத்தின் பின்பக்கத்திலும் எழுதினான்.

இந்த நாலு வித்தையிலும் வள்ளித்தாயின் கண்தான் பெரிசு என்பதை மற்றவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவள் எதிராளியின் சீட்டு முதுகைப் பார்த்து லேசாக உச்சுக் கொட்டினால், அந்த ஆள் பேசாமல் சீட்டைக் கீழே போட்டுவிடுவது நல்லது. மீறி நின்றவர்கள் எல்லாரும் குச்சியைப் பறிகொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவள் மகளுக்குப் போன் போட்டு, “வெள்ளிக்கிழமை விடியுமுன்ன அங்கன நிப்பேன், உங்க அத்தைகிட்டச் சொல்லிரு” என்றே சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் தருண்குமார் பளபளவென்று ஒரு புதுக்கட்டோடு வந்தான். “கடைசி ஆட்டம் நம்ம ஒரிஜினல் சரக்குல ஆடுவோம். அப்பாவும் பாக்க வாராக” என்றான்.

வள்ளித்தாய் கட்டைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அவள் பொறுக்கி, அவள் பார்த்து, அவள் பாஸ் பண்ணின தாள்களில் வெட்டிய கட்டு அது. பிளேடும் புதுசு. இருளாண்டியின் கட்டைவிரல் ஓரத்தைத் தடவித் தடவி ஏமாந்தது. தங்கச்சாமி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார். வள்ளித்தாய் விரித்து வைத்த முதுகுகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு. தன் வேலையைப் பார்த்துத் தானே வயிறெரிந்தது அவளுக்கு அன்று ஒரு நாள்தான்.

ஜெயச்சந்திரன் வந்து கைகட்டி நின்றார். ஆளுக்கு ஒரு குச்சி நடுவில் வைத்தார்கள். அஞ்சு சீட்டு வந்தது. வள்ளித்தாய் ரெண்டை மாற்றினாள். வந்தது இன்னும் மோசம். ராஜா, ஜாக்கி, ஒன்பது, ஏழு, நாலு. ஒரு ஜோடி இல்லை, அதனால் பெரிய கை கிடையாது. ராஜாவையும் ஜாக்கியையும் வைத்துக்கொண்டு சின்னக் கை என்று சொல்லவும் வாய் வராது. இருளாண்டி சீட்டை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த அழகைப் பார்த்தாலே அவனிடம் என்னவோ இருக்கிறது என்று தெரிந்தது. மாரிசெல்வியின் வயிற்றை நினைத்தாள். அடுத்தவள் வீட்டுக் கட்டிலில் அந்தப் பிள்ளை அம்மா அம்மா என்று கத்தப்போவதை நினைத்தாள். அழுகை வந்தது, அதை விழுங்கினாள்.

விழுங்கிவிட்டு நிதானமாக, தாள் பொறுக்கும்போது எப்படி உட்காருவாளோ அப்படி, கழுத்தைச் சாய்த்து இருளாண்டியின் சீட்டு முதுகுகளை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். நாலாவது சீட்டில் கண்ணை நிறுத்தினாள்.

“உச்” என்றாள்.

அப்புறம் மூணு குச்சியை எடுத்து நடுவில் வைத்தாள். “மூணு ஞாயித்துக்கிழமை. நிக்கிறவுக நில்லுங்க.”

இருளாண்டியின் கட்டைவிரல் மறுபடியும் சீட்டு ஓரத்தைத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. தன் விரலுக்கு அகப்படாதது எதுவோ அவள் கண்ணுக்கு அகப்பட்டுவிட்டது என்று மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அச்சங்குளத்தில் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போகும் ஞாயிறுகள் மூன்றும் கண்முன்னே வந்து போயின. சீட்டைக் கீழே கவிழ்த்தான். வள்ளித்தாய் தங்கச்சாமி பக்கம் கழுத்தைத் திருப்பினாள். உச்சுக் கொட்டவேண்டிய அவசியமே வரவில்லை, அவர் முந்திக்கொண்டு கவிழ்த்துவிட்டார். குருவம்மாள் வள்ளித்தாயின் முகத்தைப் பார்த்தாள், தாள் பொறுக்குகிற முகம்தான் இருந்தது. மற்ற ரெண்டு முகங்களையும் பார்த்தாள். ரெண்டும் செத்துக் கிடந்தன. அவளும் கவிழ்த்தாள்.

தனியாக நின்றவளுக்கு முழுசும். பெரிய கை, சின்னக் கை என்று பிரிக்க எதிரில் ஆளே இல்லை. தருண்குமார் கைதட்டப் போனான்.

“மிஷின நிறுத்துங்கலே” என்றார் ஜெயச்சந்திரன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. “வள்ளி, என்ன பால்ட்டு? எந்தச் சீட்டுல?”

வள்ளித்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சத்தம் முதலாளி காதிலும் விழுந்திருக்கிறது. இருபதாயிரம் கட்டும் வெட்டித் தயாராக நிற்கிறது. அச்சில் பால்ட், அதாவது குறை, இருக்கிறது என்றால் அம்புட்டையும் பிரித்து மறுபடி பொறுக்க வேண்டும், பொறுக்கவேண்டிய முதல் ஆள் அவள்தான். நாலு நாள் லீவு நாக்கு நுனியோடு போய்விடும். இல்லை என்றால், எதற்காகக் கொட்டினாய் என்று கேட்பார். அந்தச் சத்தத்தை நம்பிக் கவிழ்த்த மூணு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

“பால்ட்டு ஒண்ணும் இல்ல மொதலாளி. நான் பாத்த தாளுல எப்படி இருக்கும்?”

“அப்புறம் எதுக்கு உச்சுக் கொட்டின?”

“எங்கையில ஒண்ணுமே இல்ல மொதலாளி. அதுக்குத்தான்.”

சொல்லிவிட்டு அஞ்சு சீட்டையும் மலர்த்தி வைத்தாள். தருண்குமார் குனிந்து பார்த்தான். ஒரு தடவை நம்பாமல் மறுபடியும் பார்த்தான்.

இருளாண்டி எழுந்தே நின்றுவிட்டான். கவிழ்த்த சீட்டைத் திருப்பி மேசையில் அடித்தான். மூணு ராணி. குருவம்மாளும் சும்மா இருக்கவில்லை, தன்னுடையதைத் திருப்பினாள். ஏஸ், ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு. அதைவிடச் சின்னக் கை அந்த மேசையில் வேறு எது? ஆளுக்கு ரெண்டு நாளாக அழகாகப் பிரித்துக்கொண்டு போயிருக்க வேண்டிய லீவு.

“இது செல்லாது தம்பி. இது ஏமாத்து” என்றான் இருளாண்டி.

ஜெயச்சந்திரன் அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “ஏலே, அவ உச்சுக் கொட்டுனா மிஷின் நிக்கும், அது எனக்குத் தெரியும். நீ எதுக்குலே மூணு ராணியக் கீழ போட்ட?”

இருளாண்டி வாயைத் திறந்தான். அவளுக்கு முதுகைப் பார்த்தே சீட்டு தெரியும் மொதலாளி என்று சொல்லலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பார். அதைச் சொல்லப்போனால் கட்டைவிரல் கதை வரும், கட்டைவிரல் கதை வந்தால் தங்கச்சாமியின் மைக் கதை வரும். எதிராளி கையைக் கணிக்கும் திறமை அபாரம் என்று சின்ன முதலாளி பின்பக்கம் வரைக்கும் எழுதி வைத்த பாரம் என்ன ஆவது? தங்கச்சாமி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். அந்த மிதியில் எல்லாம் இருந்தது.

“பயந்துட்டேன் மொதலாளி” என்றான்.

குருவம்மாள் தன் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

தருண்குமார் புத்தகத்தைப் புரட்டினான். “கவிழ்த்த கை கவிழ்த்ததுதான், மத்தவுக கையைக் காட்டச் சொல்லவும் முடியாதுன்னு இதுல இருக்கு” என்று படித்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பத்து நாளில் இந்த அளவுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஆட்களை அந்த ஆஸ்திரேலியாக்காரன் பார்த்தே இருக்க மாட்டான் என்று பாரத்தின் கடைசி வரியில் எழுதினான். தடுக்கி விழுந்த இடங்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.

ஜெயச்சந்திரன் மிஷினை ஓடச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் வள்ளித்தாயைப் பார்த்தார். “திங்கக்கிழமை வரைக்கும்தான். செவ்வாய்க்கிழமை காலம்பற டேபிள்ல இருக்கணும்” என்றார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. அந்த வாரத்தில் வள்ளித்தாய் முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்த கடைசி விஷயம் அதுதான்.

கைகழுவும் குழாயடியில் குருவம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். “நெசமாவே ஒண்ணும் தெரியலையாடி?”

“நான் பாஸ் பண்ணுன தாளு மதினி. அதுல தெரியுற மாதிரி விட்டுருவேனா?”

குருவம்மாள் ஒரு கை தண்ணீரை அவள்மேல் தெளித்துவிட்டுப் போனாள். கோபம்தான், ஆனால் அதற்கு மேல் இல்லை. வளைகாப்புக்கு என்று ஒரு டஜன் கண்ணாடி வளையல் மறுநாள் வள்ளித்தாயின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. வைத்தவர் யார் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தூத்துக்குடியிலிருந்து வருகிற பஸ்ஸில், கை நிறைய வளையலோடு ஜன்னலோரம் மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாள் கடைசி நிமிஷம் வரைக்கும் வாசலை மறித்துப் பார்த்தாள், நாலு நாளும் கூடவே கிடந்த பெற்றவளிடம் சொல்ல அவளிடம் சாக்கு இல்லை. எட்டயபுரம் தாண்டியதும் மாரிசெல்வி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

“சீசன்ல தண்ணி குடிக்கவே விடமாட்டாகளே. நாலு நாள் எப்படிம்மா குடுத்தாக?”

வள்ளித்தாய் மகளின் வயிற்றில் கையை வைத்தாள். ஆட்டத்தை முதலிலிருந்து சொல்வதென்றால் சாத்தூர் வந்துவிடும்.

“பெரிய கைக்குப் பாதி, சின்னக் கைக்குப் பாதின்னாக” என்றாள். “ஒண்ணுமே இல்லாத கைக்கு முழுசையும் குடுத்துட்டாக.”